ருக்கா, ரெங்க்கா, ரக்கா: 'கை' என்னும் ஸ்லாவியச் சொல்லின் வேரும் வேற்றுமைகளும்

வேர்தேடி

ஸ்லாவிய மொழிகளில் இரண்டை அடுத்தடுத்துப் படிக்கிற யாரும் 'கை' என்ற சொல்லில் கட்டாயம் இடறுவார்கள். எடுத்துக்காட்டுகளைக் கீழே வைக்கிறேன்.

போலிஷ்: ஒருமை ரெங்க்கா, பன்மை ரென்த்ஸே, 'கைகளின்' என்றால் ரொங்க்.
செக்: ருக்கா, பன்மை ருத்ஸே, 'கைகளால்' ருக்கமா. ஆனால் 'பெண்களால்' என்பது ஷெனமி. ஒன்றுக்கு -மா, இன்னொன்றுக்கு -மி.
செர்பியன்: 'கைகளின்' ருக்கு. இதே வகைப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் நீண்ட ஆகாரத்தில் முடிகின்றன.
பல்கேரியன்: ரக்கா, பன்மை ரத்ஸே.
ரஷ்யன்: ருக்கா, ருக்கி. சிக்கலே இல்லை.

பாடநூல்கள் ஒவ்வொன்றும் தன் மொழிக்குள் நின்று 'இது விதிவிலக்கு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. நான்கு மொழியில் ஒரே சொல்லுக்கு நான்கு விதிவிலக்கு என்றால், அடியில் ஒரே காரணம் இருக்கவேண்டும் அல்லவா?

எழுத்துப்பெயர்ப்பு பற்றி: 'க்க' என்று எழுதியிருப்பது இரட்டிப்பு அல்ல, 'பக்கம்' என்பதில் உள்ள வல்லொலி என்று காட்டத்தான். 'த்ஸ்' ஒரே மெய்யொலி. 'ச்ச்' வந்தால் 'அச்சம்' என்பதில் உள்ள ஒலி.

கிளைமொழியன்

ஒரே காரணம் இல்லை, இரண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் குழப்பம்.

முதலில் வேர். எழுத்தில் கிடைக்கும் பழைய வடிவம், பழைய சர்ச் ஸ்லாவிய மொழியின் (ஸ்லாவியரின் முதல் எழுத்துமொழி, வேதநூல் மொழிபெயர்ப்புக்குப் பயன்பட்டது) ரொங்க்கா. இதில் வரும் 'ஒ' மூக்கொலி உயிர், அதாவது மூச்சு மூக்கு வழியாகவும் போக ஒலிக்கும் உயிர். அதற்கும் முந்தையது, எழுத்தில் கிடைக்காமல் ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய வடிவம், ரங்க்கா. அசை மெய்யில் முடியக்கூடாது என்ற போக்கு ஸ்லாவியத்தில் வலுத்தபோது, அசை இறுதியில் இருந்த ந-ஒலி முன்னுள்ள உயிரோடு கரைந்து மூக்கொலி உயிர் ஆனது. பால்டிக் மொழிகள் அந்தப் போக்கில் சேரவில்லை. அதனால் லிதுவேனியனில் இன்றும் ரங்க்கா. 1400 வாக்கில் படியெடுக்கப்பட்ட எல்பிங் சொற்பட்டியலில், இன்று வழக்கில் இல்லாத பால்டிக் மொழியான பழைய பிரஷ்யனின் வடிவம் ரங்க்கோ. லாத்வியனில் ந-ஒலி போய் ருவக்கா.

பொருளுக்கும் லிதுவேனியன்தான் கைகொடுக்கிறது. அங்கே ரிங்க்தி என்றால் பொறுக்கிச் சேர்த்தல், நிகழ்காலம் ரெங்க்கா. அந்த வினையிலிருந்து உயிர் மாறிப் பிறந்த பெயர்தான் 'கை': சேர்ப்பது, அள்ளுவது. இந்தோ-ஐரோப்பியத்தில் கைக்கு இருந்த பழைய சொல் வேறு. ஹிட்டைட் கெஸ்ஸர், கிரேக்கம் கெயிர், நம்மிடம் நட்சத்திரப் பெயராகப் புழங்கும் ஹஸ்தம் எல்லாம் அந்த வழி. ஸ்லாவியத்தில் அது தொலைந்துவிட்டது. லிதுவேனியனில் அக்குளுக்கு உள்ள பஷஸ்திஸ் என்ற சொல்லில் மட்டும் அதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி அந்த மூக்கொலி உயிர் எங்கே என்ன ஆனது என்று பாருங்கள்:

ரஷ்யன், உக்ரைனியன், பெலாருசியன், செக், ஸ்லோவாக், செர்பியன், குரோவேஷியன், சோர்பியன்: உ. ஆகவே ருக்கா.
ஸ்லோவீனியன்: ஒ. ரோக்கா.
மாசிடோனியன்: ஆ. ராக்கா.
பல்கேரியன்: நம் குற்றியலுகரத்தை நாக்கின் பின்பக்கம் தள்ளிச் சொன்னால் கிடைக்கும் உயிர். நான் 'ரக்கா' என்று எழுதுவது ஒப்புக்குத்தான்.
போலிஷ், கஷூபியன்: மூக்கொலி இன்றும் உயிரோடு இருக்கிறது.

கிழக்கு ஸ்லாவியத்தில் மூக்கொலி மறைந்த காலத்துக்கு நல்ல சான்று உண்டு. பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 950 வாக்கில் தொகுத்த ஆட்சி நூலில் த்னிப்ரோ ஆற்றின் பாறை வீழ்ச்சிகளின் ஸ்லாவியப் பெயர்கள் கிரேக்க எழுத்தில் வருகின்றன. அவற்றில் ஒன்று 'வெரூத்ஸி'. கொதிக்கிறது என்று பொருள். மூக்கொலி இருந்திருந்தால் கிரேக்கர் அங்கே ந-ஒலியையும் எழுதியிருப்பார்கள். வெறும் 'ஊ'தான் இருக்கிறது. 1056-57இல் எழுதப்பட்ட ஒஸ்த்ரோமிர் நற்செய்திப் படியிலோ, எழுதியவர் மூக்கொலி எழுத்தையும் 'உ' எழுத்தையும் இடம் மாற்றிப் போடுகிறார். இரண்டும் அவர் காதில் ஒன்றாகிவிட்டன.

பனிக்காடு

போலிஷ் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ரெங்க்கா, ரொங்க் என்று உயிர் மாறுவது வேற்றுமை உருபின் வேலை அல்ல. பழைய மூக்கொலி உயிர்கள் இரண்டும் (மூக்கொலி 'எ', மூக்கொலி 'ஒ') போலிஷில் ஒன்றாகி, பிறகு குறில் நெடில் பார்த்து மறுபடியும் இரண்டாகப் பிரிந்தன. குறில் 'எ' ஆனது, நெடில் 'ஒ' ஆனது. 'கைகளின்' என்பதற்கு இறுதியில் மிகக் குறுகிய உயிர் ஒன்று இருந்தது. அது விழுந்தபோது முன்னுள்ள உயிர் நீண்டது, ஆகவே ரொங்க். பல் என்ற சொல்லிலும் இதேதான்: ஸொம்ப், ஆறாம் வேற்றுமை ஸெம்பா. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பாதி இறங்கிவிடும்.

உச்சரிப்பில் ஒரு எச்சரிக்கை. 'ங்' வந்ததும் தமிழ் நாக்கு அடுத்த ககரத்தைப் 'பங்கு' என்பதுபோல் மென்மையாக்கிவிடும். போலிஷில் ங்-க்குப் பின்னும் வல்லொலிதான். 'ரெங்கா' என்று 'ரெங்கநாதன்' பாணியில் சொன்னால் கேட்பவர் விழிப்பார். த்ஸ்-க்கு முன் அதே மூக்கொலி 'ன்' ஆகிவிடுவதையும் கவனியுங்கள்: ரென்த்ஸே.

கிளைமொழியன்

இப்போது த்ஸ் எங்கிருந்து வந்தது என்பது. ஒரே வேரில் மூன்று மெய்கள் மாறி மாறி வரும்: க், த்ஸ், ச்ச். செக்கில் ருக்கா, ருத்ஸே, 'கையால் ஆன' என்பதற்கு ருச்ச்னீ. பக்கத்து உயிரின் இழுப்பில் மெய் அண்ணத்தின் முன்பக்கம் நகர்வதை அண்ணமாதல் என்பார்கள். ச்ச் ஆனது முதல் அண்ணமாதல்: பழைய இகர எகரத்துக்கு முன் க் திரிந்தது. த்ஸ் ஆனது இரண்டாம் அண்ணமாதல்: 'ஐ' என்ற ஈருயிர் பின்னாளில் 'ஏ' ஆகச் சுருங்கியது, அந்தப் புதிய 'ஏ'க்கு முன் க் த்ஸ் ஆனது. அந்த 'ஏ' இந்தச் சொல்லில் மூன்று இடங்களில் வரும்: ஒருமையில் நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை, பிறகு இருமையின் எழுவாய்.

இருமைதான் இரண்டாவது காரணம். பழைய ஸ்லாவியத்தில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண் இருந்தது, சமஸ்கிருதம்போல. கைக்கு உரிய வடிவங்கள்:

இருமை எழுவாய், இரண்டாம் வேற்றுமை: ரொன்த்ஸே
இருமை ஆறாம், ஏழாம் வேற்றுமை: ரொங்க்கு
இருமை மூன்றாம், நான்காம் வேற்றுமை: ரொங்க்கமா
பன்மை எழுவாய்: ரொங்க்கி
பன்மை ஆறாம்: ரொங்க், மூன்றாம்: ரொங்க்கமி

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வேர்தேடி கொடுத்த எடுத்துக்காட்டுகளை மறுபடி படியுங்கள். போலிஷ் ரென்த்ஸே, செக் ருத்ஸே, பல்கேரியன் ரத்ஸே மூன்றும் பன்மையே அல்ல, பழைய இருமை. செக் ருக்கமா இருமையின் மூன்றாம் வேற்றுமை. செர்பியன் ருக்கு இருமையின் ஆறாம் வேற்றுமை. மனிதனுக்கு இரண்டு கை என்பதால் இருமை வடிவம்தான் வாயில் அதிகம் புழங்கியது. இருமை என்ற வகை மொழியில் செத்த பிறகும் அதன் உடுப்பைப் பன்மை போட்டுக்கொண்டது. விதிவிலக்கு என்று பெயர் வைத்தது பாடநூலாசிரியரின் சோம்பல்.

பல்கேரியனும் மாசிடோனியனும் பெயர்ச்சொல்லில் வேற்றுமை உருபுகளையே ஏறக்குறைய முழுக்கக் கைவிட்ட மொழிகள். அங்கும் இந்த இருமை எழுவாய் பிழைத்திருக்கிறது என்றால் அதன் வலுவைப் பாருங்கள்.

சொல்லாழி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பல்கேரியன் 'ரக்கா' நம் 'இறக்கை' போலவே இல்லையா? பறவைக்கு இறக்கைதானே கை. தொடர்பு இருக்க வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

கிளைமொழியன்

இல்லை ஐயா. ஒப்பிட வேண்டியது இன்றைய வடிவங்களை அல்ல, இரண்டு பக்கத்திலும் கிடைக்கிற மிகப் பழைய வடிவங்களை. பல்கேரியனில் அந்த உயிருக்குள் ஒரு ந-ஒலி புதைந்திருக்கிறது. தோண்டினால் ரங்க்கா வரும். தமிழில் இறக்கை 'இறகு' என்பதோடு சேர்வது, அங்கே மெல்லெழுத்து எதுவும் கிடையாது. ஒலி ஒத்துவருவது இந்த ஒரு மொழியில், இந்தக் காலத்தில் மட்டும். ருக்கா என்ற வடிவத்தை முதலில் பார்த்திருந்தால் உங்களுக்கு இறக்கை நினைவு வந்திருக்காது.

உண்மையான ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது, ஆனால் அது உறவல்ல. தமிழில் தோளிலிருந்து விரல்நுனி வரை 'கை' என்போம். ருக்காவும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் 'முழுக்கையா, மணிக்கட்டுக்குக் கீழா' என்று திண்டாடுகிற இடத்தில் நமக்குத் திண்டாட்டமே இல்லை.

மேசைவிளக்கு

மூக்கொலிக்குக் கடன்சொற்களிலும் சான்று உண்டு. ஸ்லாவியர் பேச்சில் மூக்கொலி இருந்த காலத்தில் அண்டை மொழியினர் எடுத்துக்கொண்ட சொற்களில் ந-ஒலி உறைந்து நிற்கிறது. பீப்பாய்க்கு மாட்டும் வளையம் ரஷ்யனில் ஒப்ருச், போலிஷில் ஒப்ரெஞ்ச். 'கையைச் சுற்றி' என்ற அமைப்பு. ஹங்கேரியனில் அது அப்ரோஞ்ச். ருமேனியனில் கட்டளை என்பதற்கு பொருங்க்கா. 'கையில் ஒப்படைத்தல்' என்ற ஸ்லாவிய வினையிலிருந்து வந்தது. அதே வினை பல்கேரியனில் உணவகத்தில் 'ஆர்டர்' கொடுப்பதற்குப் பயன்படும் பொரச்ச்கா ஆகியிருக்கிறது.

கையிலிருந்து கிளைத்த சட்டச் சொற்கள் தனிப் பட்டியலுக்குத் தகும். கையடித்துக் கொடுப்பது பொறுப்பேற்பு. ரஷ்யனில் ருச்சாத்ஸா, பிணை நிற்பது. கிராமமே சேர்ந்து வரிக்குப் பொறுப்பேற்கும் 'வட்டப் பிணை'க்கு க்ருகவாயா பருக்கா என்று பெயர், அந்த முறை 1903இல்தான் ஒழிக்கப்பட்டது. செக் கடைப் பலகைகளில் நிறுவனப் பெயருக்குப் பின்னால் எஸ்.எர்.ஓ. என்று மூன்றெழுத்து இருக்கும். நடு எழுத்து ருச்செனீ: வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பதில் உள்ள 'பொறுப்பு'. அதற்குள்ளும் கைதான்.

பொறியும் இங்கேதான். 'கை' என்பதோடு 'எடுத்தல்' சேர்ந்த ஒரே கூட்டுச்சொல் செக்கில் ருக்கொய்மீ, போலிஷில் ரெங்க்கொய்ம்யா. செக்கில் பணயக்கைதி. போலிஷில் விற்ற பொருளின் குறைக்கு விற்பவர் ஏற்கும் சட்டப் பொறுப்பு. ஒப்பந்தம் மொழிபெயர்க்கிறவர் ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகித்தால் கதை கந்தல். துவாலையில் அவ்வளவு ஆபத்து இல்லை: போலிஷ் ரெஞ்ச்னிக், செக் ருச்ச்னீக், குரோவேஷியன் ருச்ச்னிக், உக்ரைனியன் ருஷ்னிக். உக்ரைனியனில் மட்டும் ன்-க்கு முன் ச்ச் ஷ் ஆகிவிட்டது. அது பூவேலை செய்த சடங்குத் துணியையும் குறிக்கும்.

வேர்தேடி

கிளைமொழியனுக்கு ஒரு கேள்வி. இரண்டாம் அண்ணமாதல் எல்லாருக்கும் பொது என்றால் ரஷ்யனில் 'கைக்கு, கையில்' ஏன் ருக்கே? உக்ரைனியனில் ருத்ஸி, பெலாருசியனில் ருத்ஸே, செர்பியனில் ருத்ஸி என்று இருக்கிறதே.

கிளைமொழியன்

சமன்படுத்தல். சொல்லின் மற்ற வடிவங்களில் எல்லாம் க் இருக்கும்போது இரண்டு இடத்தில் மட்டும் த்ஸ் எதற்கு என்று பேச்சு அதைத் துடைத்துவிட்டது. ஸ்லோவாக் ருக்கே, ஸ்லோவீனியன் ரோக்கி ஆகியவையும் அப்படியே. ரஷ்யனில் பழைய வடிவம் தேவாலய நடையில் தப்பியிருக்கிறது: 'வ் ருத்ஸே போஷியெய்', கடவுளின் கையில்.

வடக்கே நிலைமை இன்னும் வேடிக்கை. வடமேற்கு ரஷ்ய நகரமான நோவ்கரதில் 1951 முதல் தோண்டியெடுக்கப்படும் பூர்ச்சமரப் பட்டைக் கடிதங்களை வைத்து ரஷ்ய மொழியியலாளர் அந்திரேய் ஸலிஸ்னியாக் காட்டியது: அந்த வட்டாரப் பேச்சில் க் த்ஸ் ஆகவே இல்லை. 247ஆம் எண் கடிதம், 11ஆம் நூற்றாண்டு. பூட்டும் அப்படியே இருக்கிறது, கதவும் அப்படியே இருக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார். 'முழுதாக' என்பதற்கு த்ஸ்-இல் தொடங்கவேண்டிய சொல் க்-இல் தொடங்குகிறது. வெகுநாள் எழுத்துப்பிழை என்று ஒதுக்கப்பட்ட வடிவங்களுக்கு அப்புறம்தான் பொருள் விளங்கியது.

பனிக்காடு

ரஷ்யனில் சிக்கலே இல்லை என்று வேர்தேடி எழுதியதை ஒத்துக்கொள்ள முடியாது. உருபு எளிது, அழுத்தம் கொல்லும். எழுவாய் ஒருமை ருக்கா, அழுத்தம் கடையசையில். இரண்டாம் வேற்றுமை ருக்கு என்றதும் அழுத்தம் முதலசைக்குத் தாவும். 'கையின்' என்னும் ருக்கி கடையசை அழுத்தம். 'கைகள்' என்னும் ருக்கி முதலசை அழுத்தம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'இரண்டு கைகள்' என்றால் த்வே ருக்கி, கடையசை அழுத்தம், ஏனென்றால் இரண்டு, மூன்று, நான்குக்குப் பின் ரஷ்யன் கேட்பது ஆறாம் வேற்றுமை ஒருமை. பன்மையின் மற்ற வேற்றுமைகளில், ருக்காம், ருக்காமி, ருக்காஹ், அழுத்தம் மறுபடி பின்னால்.

அதோடு நிற்காது. சில தொடர்களில் சொல்லையே விட்டு முன்னிடைச்சொல்லுக்கு ஏறிவிடும்: 'கையைப் பிடித்து' என்பது ஸா ருக்கு, அழுத்தம் ஸா மேல், ருக்கு முழுக்க அழுத்தமற்றது. இதெல்லாம் பழைய நகரும் அழுத்த வகையின் எச்சம். குரோவேஷியனிலும் அதே நகர்வு சுரவேறுபாடாக நிற்கிறது: எழுவாயில் ஏறுசுரம், இரண்டாம் வேற்றுமையில் இறங்குசுரம்.

மேசைவிளக்கு

இருமையின் பரவலையும் சொல்லவேண்டும். செக்கில் எழுத்துமொழி, ருக்கமா என்பதில் உள்ள -மா உருபைக் கை, கால், கண், காது போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதிக்கும். கூடவே வரும் பெயரடையும் -மா எடுக்கவேண்டும்: 'பெரிய கைகளால்' என்பது வெல்க்கீமா ருக்கமா. வெல்க்கீமி ருக்கமா என்று எழுதினால் திருத்துநர் சிவப்பு மை போடுவார். பேச்சு செக்கிலோ எல்லாப் பெயருக்கும் -மா. 'ஷெனமா' என்றுதான் தெருவில் கேட்கும். செர்பியன், குரோவேஷியனில் அதே -அமா எழுத்துமொழிக்குள்ளேயே ஏறி, இவ்வகைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு, ஏழாம் வேற்றுமைப் பன்மை ஆகிவிட்டது. உடம்பில் இருந்த இரண்டு உறுப்புக்கான உருபு ஊரையே பிடித்துக்கொண்டது.

போலிஷில் இன்னொரு கூத்து. 'கையில்' என்பதற்கு வ் ரென்த்ஸே தவிர வ் ரெங்க்கு என்பதும் சரி. ரெங்க்கு பழைய இருமையின் ஏழாம் வேற்றுமை. இருமை மறந்துபோன பிறகு மக்கள் காதுக்கு அது ஆண்பால் ஒருமைபோல் கேட்டது. அதனால் 'வலது கையில்' என்பதற்கு வ் ப்ராவிம் ரெங்க்கு என்று பெயரடை ஆண்பாலுக்குரிய உருபை எடுக்கிறது. சொல் பெண்பால், அடை மட்டும் வேறு. அகராதிகள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன, பிழை என்று திருத்தக்கூடாது.

வேர்தேடி

அப்படியானால் இருமை இன்றும் வாழும் ஸ்லோவீனியனில் எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டுமே?

பனிக்காடு

அங்கேதான் தலைகீழ். ஸ்லோவீனியனில் இருமை உயிரோடு இருக்கிறது: ஒரு கை ரோக்கா, இரண்டு ரோக்கி, மூன்று என்றால் ரோக்கே. ஆனால் 'கை வலிக்கிறது' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது வருவது பன்மை: ரோக்கே மெ போலியோ. இயல்பாகவே இரண்டாக உள்ள உறுப்புக்கு எண்ணைச் சொல்லத் தேவையில்லை; 'இரண்டும்' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் இருமை: ஓபே ரோக்கி. ஆக, இருமையைத் தொலைத்த செக்கும் போலிஷும் கைக்கு இருமை வடிவத்தை வைத்துக்கொண்டன. இருமையைக் காப்பாற்றிய மொழி கைக்குப் பன்மையைக் கொடுத்தது.

தமிழ் வழி படிப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். செக் பள்ளிகளில் வேற்றுமையை எண்ணால்தான் சொல்வார்கள், அந்த எண் நம் எண் அல்ல. அவர்களுடைய இரண்டு நம் ஆறு, மூன்று நம் நான்கு, நான்கு நம் இரண்டு, ஐந்து விளி, ஆறு நம் ஏழு, ஏழு நம் மூன்று. 'நான்காம் வேற்றுமை' என்று செக் ஆசிரியர் சொன்னதும் 'கைக்கு' என்று எடுத்துக்கொண்டால் அன்றைய பாடம் முழுக்கக் கோணும்.

அடுத்தது, நம் மூன்றாம் வேற்றுமைக்குள் 'ஆல்' உம் 'ஓடு' உம் இருக்கின்றன. ரஷ்யனில் வெறும் உருபு 'ஆல்', முன்னால் ஸ் சேர்த்தால் 'ஓடு'. பேனாவுக்கு ருச்ச்கா என்று பெயர், சொல்படி 'சிறுகை'. பேனாவால் எழுதுவது பிஸாத் ருச்ச்கய். ஸ் ருச்ச்கய் என்றால் பேனாவும் உங்களோடு உட்கார்ந்து எழுதுகிறது.

சொல்லாழி

இறக்கையை விட்டுவிடுகிறேன். உரைத்தொகுப்பில் (கணினியில் தேடும்படி சேர்த்துவைத்த நூல், செய்தி உரைகளில்) இந்தச் சொல்லின் எல்லா வடிவங்களையும் தேடி எடுக்க எத்தனை அடிச்சொல் கொடுக்கவேண்டும்? ஒன்று கொடுத்தால் பாதி விழுந்துவிடுகிறது.

மேசைவிளக்கு

மொழிக்கு மொழி மாறும். ரஷ்யனில் கைக்கு ஒன்று போதும்: ருக்-. கிளைச்சொற்களும் வேண்டுமென்றால் ருச்ச்- சேருங்கள். செக்கில் ருக்-, ருத்ஸ்-, ருச்ச்- என மூன்று. போலிஷில் ஐந்து: ரெங்க்-, ரொங்க்-, ரென்த்ஸ்-, ரெஞ்ச்-, ரொஞ்ச்-, கைப்பிடிக்கு ரொஞ்ச்கா என்பதால் கடைசியை மறக்கவேண்டாம்.

தேவையற்றவை வந்து குவிவதுதான் பெரிய தலைவலி. செக்கிலும் குரோவேஷியனிலும் ருக்- கொடுத்தால் ருக்கோலா என்ற கீரை வரும், அதை நீக்குங்கள். குரோவேஷியன் ருக்கொமெத் ஹேண்ட்பால் விளையாட்டு, உண்மையான கிளை, இருக்கட்டும். ஸ்லோவீனியனில் 'கைகளின்' என்பது ரோக். கெடு, தவணை என்ற ஆண்பால் சொல்லும் ரோக், அதன் ஆறாம் வேற்றுமை ரோக்கா. அங்கே பால் குறியிடப்பட்ட தொகுப்பு இல்லாமல் இறங்கவேண்டாம்.

மாசிடோனியனில் ராக்- என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நண்டும் புற்றுநோயும் ராக், சாராயம் ராக்கியா. கையைத் தேடினால் பக்கம் பக்கமாகச் சாராயம்தான் வரும். அந்த மொழியில் வேற்றுமை இல்லாததால் முழு வடிவங்களையே எழுதிவிடுவது சுலபம். சுட்டு ஒட்டு மூன்று வகை: பொது, அண்மை, சேய்மை. ஆக ராக்கா, ராக்காதா, ராக்காவா, ராக்கானா, பன்மையில் ராத்ஸே, ராத்ஸேதே, ராத்ஸேவே, ராத்ஸேனே. எட்டோடு முடிந்தது.